அமலியின் டிரெஸ்ஸருக்கு வந்த பளபளப்பு

அமெரிக்காவில், பிஸ்கட்டவே ஊரில் பெரிய குப்பை எடுக்கிற நாள் நெருங்கினால் அமலிக்கு வீட்டில் கால் தரிக்காது. ஊரார் ஆடுகிற ஸ்டூலையும் குஷன் கிழிந்த நாற்காலியையும் தெருவோரம் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்கள். இவள் வேனின் பின்சீட்டை மடக்கிப் போட்டுக்கொண்டு நகர்வலம் கிளம்பிவிடுவாள்.

"ஏட்டி, இவ்வளவு சம்பளம் வாங்குற. ரோட்டுல கெடக்குறத அள்ளிட்டு வாறியே, வெக்கமா இல்ல?" என்று கூட வேலை பார்க்கும் ஊர்ப்பக்கத்துக்காரி ரெபெக்கா கேட்பாள்.

"ரோட்டுல கெடக்குறது ஓக் மரம்ட்டி. நீ கடையில வாங்கி வச்சிருக்கியே, அதுதான் அட்டை. தண்ணி பட்டா தோசை மாவு மாதிரி பொங்கிரும்."

வடக்கன்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் அமலிக்கு. அப்பா லாரி டிரைவர். விருந்தாளிக்கென்று வீட்டில் இருந்தது ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான். கெமிஸ்ட்ரியைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறி, கடைசியில் நியூ ஜெர்சியில் ஒரு மருந்துக் கம்பெனியின் லேபில் வந்து உட்கார்ந்தாள். கணவன் சபரிநாதனோடு சேர்ந்து வீடும் வாங்கினாள். வாங்கிய பிறகுதான் திகைத்தாள். இத்தனை அறைகளில் எதைப் போட்டு நிரப்புவது?

தெருவில் கிடந்த ஒரு நாற்காலி வழி காட்டியது. தூக்கி வந்து, பழைய சீட்டைப் பிய்த்து, புது ஃபோம் வைத்து, காட்டன் சேலையின் முந்தானையை இழுத்துப் பிடித்து ஸ்டேப்லர் துப்பாக்கியால் அடித்தாள். அவ்வளவுதான், பித்துப் பிடித்துவிட்டது. தையல் மெஷின் வந்தது. ஜன்னல் திரை, குஷன் உறை, ஷூ கழற்ற உட்காரும் பெஞ்சு என்று ஒவ்வொன்றாக அவள் கையாலேயே முளைத்தன. கராஜில் கார் நிறுத்த இடமில்லாமல் போனது.

இந்த வீட்டுக்குத்தான் இந்த வசந்த காலத்தில் மாமனார் நஞ்சுண்டன் வந்து இறங்கினார்.

கரூர்க்காரர். மகன் சர்ச்சில் போய் ஒரு பெண்ணுக்குத் தாலி கட்டியதை அவர் மன்னிக்கவில்லை. கல்யாணத்துக்கு வரவில்லை, பேத்தி பிறந்தபோதும் வரவில்லை. அத்தைதான் அவருக்குத் தெரியாமல் போன் செய்து பேசுவார். அத்தை இறந்த பிறகு ஒண்டியாக இருக்க முடியாமல் வந்திருக்கிறார். வந்தாரே தவிர, மருமகளிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, "கண்ணு, கொழம்பு நல்லாருக்குதுன்னு உங்கொம்மாகிட்டச் சொல்லு" என்பார் பேத்தி தீக்ஷாவிடம்.

"தாத்தா, ஷீ இஸ் ரைட் ஹியர்" என்று தலையில் அடித்துக்கொள்வாள் அந்த ஏழு வயதுக்காரி.

அமலி பல்லைக் கடித்துக்கொண்டாள். இந்த ஒரு தடவை மனசு கோணாமல் அவரை அனுப்பி வைத்தால்தான் சபரிக்கு அப்பா என்று ஒருவர் திரும்பக் கிடைப்பார். ராத்திரி அப்பாவின் பழைய போட்டோவைப் போனில் பார்த்துக்கொண்டே தூங்கிப்போகிற ஆளாயிற்றே சபரி. என்ன நடந்தாலும் குரலை உயர்த்துவதில்லை என்று அமலி மனதுக்குள் ஜெபம் மாதிரி சொல்லிக்கொண்டாள்.

ஒரு நாள் சாயங்காலம் பள்ளியிலிருந்து தீக்ஷாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தவள் ஹாலிலேயே நின்றுவிட்டாள். சோபாவில் குஷன்கள் வரிசையாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தன. அவற்றின் ஓரத்தில் குஞ்சம் இல்லை. லினன் துணியின் விளிம்பில் ஊசியால் ஒவ்வொரு நூலாக உருவி உருவி அவள் தொங்கவிட்ட குஞ்சம். எல்லாவற்றையும் யாரோ கத்தரியால் சீராக நறுக்கியிருந்தார்கள். நறுக்கிய நூலெல்லாம் ஒரு கிண்ணத்தில் பத்திரமாக இருந்தது.

அப்போதுதான் மூக்கில் ஏறியது பெயின்ட் வாடை.

கராஜுக்கு ஓடினாள்.

தீக்ஷாவின் அறைக்கென்று குளிர்காலம் முழுக்க அவள் இழைத்த டிரெஸ்ஸர் அங்கே இருந்தது. நாலு இழுப்பறை வைத்த பழைய மரப் பெட்டி. அடியில் கருநீலம், மேலே வெள்ளை. காய்ந்த பிறகு, மூலைமுடுக்கெல்லாம் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து உள்ளே இருக்கும் நீலத்தை எட்டிப்பார்க்க வைத்திருந்தாள். நூறு வருஷமாகப் பல பேர் தொட்டுத் தேய்ந்த மாதிரி இருக்க வேண்டும் என்று விரல் நுனி கன்றிப்போகும்வரை தேய்த்தாள்.

இப்போது அதில் வெள்ளையும் இல்லை, நீலமும் இல்லை. வாசல் கதவுக்கு அடித்து மிச்சமிருந்த பிரவுன் ஆயில் பெயின்ட், மேலிருந்து கீழ்வரை கண்ணாடியாகப் பளபளத்தது. பக்கத்தில் பிரஷோடு நஞ்சுண்டன். மடித்துக் கட்டிய வேட்டி, முகமெல்லாம் பூரிப்பு.

"யாரு செஞ்சது இத?"

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அமலிக்கே சந்தேகம். தெருவில் நாயோடு நடந்துகொண்டிருந்தவர் நின்று திரும்பிப் பார்த்தார். நஞ்சுண்டனின் சிரிப்பு பாதியில் உறைந்தது. பழக்கம் விடவில்லை, பேத்தியைத் தேடினார். "கண்ணு, உங்கொம்மாகிட்டச் சொல்லு..."

தீக்ஷா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "நோப்" என்றாள். பையை அங்கேயே போட்டுவிட்டு மாடிக்கு ஓடிவிட்டாள்.

"அவகிட்ட ஏன் சொல்லுதிய? நான் இங்கதான நிக்கேன்? எங்கிட்ட சொல்லுங்க! எதுக்கு மாமா இப்படிப் பண்ணிட்டிய?"

நஞ்சுண்டன் முதல் முறையாக மருமகளை நேராகப் பார்த்தார்.

"ஏனம்மிணி... பெயின்ட்டெல்லாம் உதுந்துபோயிக் கெடந்துதே. பேத்தி ரூமுக்குன்னு சபரி சொன்னான். இந்தக் கோலத்துலயா ஒரு பொட்டிய வெப்பாங்க?"

"அது உதுரல! நான் தேச்சது!"

"ஆரு?"

"நான்! அடிச்சதும் நான், தேச்சதும் நான்!"

பிரஷிலிருந்து ஒரு சொட்டு பிரவுன் பாதத்தில் விழுந்தது அவருக்குத் தெரியவில்லை.

"நல்ல பெயின்ட்டு அடிச்சு... நீயாவே தேச்சு... பழசாக்குனயா?"

"ஆமா!"

"உனக்குப் புத்திகித்தி கெட்டுப்போச்சா அம்மிணி?"

"இங்க அதுக்குப் பேரு ஸ்டைல் மாமா!"

"என்ன எழவு ஸ்டைலு? அப்ப அந்தத் தலகாணி? ஓரமெல்லாம் பிசிறு பிசிறா நூல் தொங்குச்சே?"

"அதையும் நான்தான் உருவுனேன்!"

நஞ்சுண்டன் பின்னால் கையைத் துழாவி, கிடைத்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். கரூரில் வீட்டுத்துணி ஏற்றுமதிக் கம்பெனியில் வாழ்நாள் பூராவும் செக்கிங் பார்த்தவர். ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பீஸைத் தூக்கி எறிந்த கை அது.

"அமெரிக்காவுக்குப் போற துணியில ஒரு பிசிறு இருக்கக் கூடாதுன்னு எத்தன பிள்ளைகளத் திட்டியிருப்பேன்... இங்க வந்து பாத்தா நீங்களே உக்காந்து உருவிக்கிட்டு இருக்கறீங்களா?"

அவர் முகத்தைப் பார்த்து அமலிக்கு ஆத்திரம் கொஞ்சம் இறங்கியது. அடுத்த கணம் டிரெஸ்ஸர் கண்ணில் பட்டது. ஆத்திரம் மறுபடி ஏறியது. துணி ஒன்றை எடுத்துப் பெயின்ட்டைத் துடைக்கப் போனாள்.

"தொடாத! ஈரத்துல தொட்டா அப்பிக்கும்!"

"அப்பட்டும்! காயுறதுக்குள்ள எடுத்தாதான் உண்டு!"

"முழுசா கெட்டுப்போயிரும்னு சொல்றேன், கேக்க மாட்டேங்கறயே! உங்கப்பன் வீட்டுலயும் இப்பிடித்தான் ஒரண்ட இழுப்பயா?"

"எங்க அப்பா கேட்டுட்டு அடிப்பாரு பெயின்ட்ட!"

சபரியின் கார் வந்து நின்றதை இருவரும் கவனிக்கவில்லை. வேலையிலிருந்து வந்த சபரி பாதி திறந்த கார்க் கதவைப் பிடித்தபடி நின்றான். வீட்டில் அப்பா யாரிடமாவது இப்படிச் சண்டை போட்டுக் கேட்டு எத்தனையோ காலமாயிற்று. அம்மாவிடம்தான் போடுவார்.

"என்னாச்சுப்பா?" என்றான் மெதுவாக.

"நீ சும்மாயிருடா. நாங்க பேசிக்கிட்டு இருக்கறம்ல?"

"நீங்க உள்ள போங்க" என்றாள் அமலியும் திரும்பாமலே.

சபரி உள்ளே போகவில்லை. அவர்கள் நேருக்கு நேர் பேசுவதைக் கேட்டபடி கார் சீட்டிலேயே திரும்ப உட்கார்ந்துவிட்டான்.

"சரி, மேல மட்டும் தேச்சுக்க. சைடத் தொடாத அம்மிணி" என்று அப்பா கத்திக்கொண்டிருந்தார்.

"சைடுதான் மாமா முக்கியம்!"

"அடக் கடவுளே" என்று நஞ்சுண்டன் தலையில் கை வைத்தார். வைத்த கையில் பெயின்ட் இருந்தது.