பாதரின் மானும் எங்கள் பற்களும்

எங்கள் பங்குச் சுவாமியார் திங்கட்கிழமைகளில் மான் சுடுவார். சுவாமிமாருக்கு அது ஓய்வு நாள். சசெக்ஸ் பக்கம் அவருடைய தமையனுக்கு ஒரு பண்ணை இருந்தது. மான்கள் வந்து பயிரைத் தின்கின்றன என்று தமையன் முறையிட, தம்பி ரைபிளைத் தூக்கிக்கொண்டு புறப்படுவார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் குழந்தைகளுக்குக்கூட அதட்டிப் பேசாத மனிதர், அடுத்த நாள் சேற்றில் குப்புறப் படுத்துக்கொண்டு மானைக் குறிபார்ப்பார் என்பதை நம்ப எங்களுக்குக் கொஞ்சக் காலம் பிடித்தது. பிறகு அந்த மானைக் கறுப்புப் பைகளில் கட்டி எங்கள் கையிலேயே தந்தார். அதன் பிறகு நம்பாமல் இருக்க வழியில்லை.

அது எண்பதுகளின் கடைசி. கோலியர்ஸ் வுட்டிலும் அதைச் சுற்றியும் மன்னார், யாழ்ப்பாணக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கொஞ்சம் சேர்ந்திருந்தோம். மாதத்தில் ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசை வைக்கத் தன் கோவிலைத் தந்தவர் இந்த ஆங்கிலேயப் பாதர்தான். வேறிடத்திலிருந்து ஒரு தமிழ்ச் சுவாமி வந்து பூசை வைப்பார். முடிந்ததும் பக்கத்தில் பங்கு மண்டபமான ஹோலில் சாப்பாடு. ஹோலின் திரைச்சீலைகளில் கறி மணக்கிறது என்று பங்குச் சபைக் கூட்டங்களில் ஓர் ஆங்கிலேய அம்மா விடாமல் எழும்பிச் சொல்வார். பாதர் ஒவ்வொரு முறையும் எங்கள் பக்கம் நின்றார். அவர் முகம் சுழித்தால் ஹோலும் இல்லை, தமிழ்ப் பூசையும் இல்லை. எங்களில் பாதிப்பேருக்கு அப்போது விசாவே சரிவரவில்லை. அந்த ஒரு ஞாயிறுதான் நாங்கள் வாய்விட்டுச் சிரித்துக் கதைத்த நாள்.

ஆகவே பாதரின் மானைப் புகழ்ந்தோம். சுவாமி கையால் தந்ததைக் குறை சொல்லும் பழக்கம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. முதல் வருடம் அவர் பின்தொடையான பின்சந்தும் முதுகிறைச்சியும் மட்டும் தந்தார். நல்ல இறைச்சி. பெண்கள் வறுத்த தூள் போட்டுக் கறியாக்கினார்கள். எலும்பும் கிடந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று யாரோ வாய்தவறிச் சொல்ல, அது பாதரின் காதுக்குப் போய்விட்டது. கழுத்து, விலா, ஈரல் எல்லாம் தின்கிற மக்கள் என்று அறிந்ததும் மனிதர் உருகிப்போனார். இவர்கள் எதையும் வீணாக்காதவர்கள் என்று பிரசங்கத்திலேயே சொன்னார். அடுத்த வருடத்திலிருந்து முழு மானும் வரத் தொடங்கியது. துவக்குச் சன்னம், அதாவது ரைபிள் குண்டு, பாய்ந்து சிதைந்த தோள் பக்க முன்சந்தும் அதோடு வந்தது. அதுவரை அந்தப் பகுதியைத் தமையனின் நாய்கள் தின்றுகொண்டிருந்தன.

கோளாறு அங்கேதான். சன்னம் எலும்பில் பட்டு உடைந்து, ஈயத் துணுக்குகள் இறைச்சிக்குள் பரவியிருக்கும். கழுவினாலும் போகாது, வேகவைத்தாலும் கரையாது. கடிக்கும்போதுதான் தெரியும். தெரிந்தவர்கள் கடதாசித் துவாலையில் நாசூக்காகத் துப்பி மடித்தார்கள். பாதர் மேசை மேசையாக வந்து, எப்படி இருக்கிறது என்று கேட்க, எல்லோரும் அருமை என்றார்கள். அந்த அருமையைக் கேட்டவர் அடுத்த திங்களும் போனார்.

மூன்றாம் வருடம் கிறிஸ்மஸ் என்ற நத்தாருக்கு முன் நடந்த ஒளிவிழாச் சாப்பாட்டில் விஷயம் முற்றியது. எங்கள் தமிழ்ப் பூசைக் குழுவின் தலைவர் ஊரில் தபாலதிபராக இருந்தவர். பாதருக்குப் பக்கத்தில் அமர்ந்து உண்டுகொண்டிருந்தார். 'டக்' என்று ஒரு சத்தம். இரண்டு மேசை தள்ளி இருந்த எனக்கே கேட்டது. தலைவரின் கண்ணில் நீர் முட்டியது. பாதர் திரும்பிப் பார்த்தார். தலைவர் சிரித்தார், ஈயத்தையும் பல்லின் ஒரு துண்டையும் சேர்த்து விழுங்கினார், பிறகு, "வெரி டேஸ்டி பாதர்" என்றார். பாதர் மகிழ்ந்துபோய், புதுவருடக் கூடலுக்கு இரண்டு மான் தருவதாக எழுந்து நின்று அறிவித்தார். நாங்கள் கைதட்டினோம்.

அன்று பாத்திரம் கழுவும்போதே குழு கூடிவிட்டது.

"ஈயம் இரத்தத்தில சேருமாம். சின்னப் பிள்ளையளுக்குக் கூடாது," என்றார், ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்த அக்கா.

"அப்ப வேண்டாம் எண்டு சொல்லுவம்," என்றாள் என் மனைவி.

"ஆர் சொல்லுறது? சொல்லிப்போட்டு எங்கை பூசை வைக்கிறது, பஸ் ஸ்ராண்டிலயோ?" என்று தலைவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மன்னார்க் கச்சேரி என்ற மாவட்ட அலுவலகத்தில் துவக்கு லைசென்ஸ் பகுதியில் கிளார்க்காக இருந்தவன். பன்றியும் குரங்கும் விரட்ட வயல் செய்யும் கமக்காரர் கேட்ட விண்ணப்பங்களுக்கு முத்திரை குத்தினேனே தவிர, ஒரு துவக்கைத் தொட்டதுகூட இல்லை. அதையெல்லாம் யார் கேட்டார்கள்.

"உமக்குத்தானே துவக்கு விளங்கும். பாதரோட பக்குவமாக் கதையும்," என்று தலைவர் என் தலையில் கட்டிவிட்டார்.

பற்களைப் பற்றிப் பேசினால் பாதருக்கு நோகும், சன்னத்தைப் பற்றிப் பேசினால் ஆண்பிள்ளைகள் பேசும் பேச்சாகப் போய்விடும் என்று நான் கணக்குப் போட்டேன். அதற்குச் சன்னம் பற்றித் தெரிய வேண்டும். கோட்டும் டையும் அணிந்து, வேட்டைச் சாமான் விற்கும் ஒரு கடையைத் தேடிப் போனேன். சுவரெல்லாம் மான் தலைகள். வந்திருப்பது யார் என்று எல்லாம் என்னையே பார்த்தன. கடைக்காரரும் அப்படித்தான் பார்த்தார்.

"என்ன வேண்டும்?"

"மான் சுடும் சன்னம் பற்றிக் கேட்க வேண்டும்."

"லைசென்ஸ் இருக்கிறதா?"

"இல்லை. துவக்கும் இல்லை. எங்கள் பாதருக்காகக் கேட்கிறேன்."

அவர் இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றிக்கொண்டார். பொலிஸைக் கூப்பிடப் போகிறார் என்று பயந்து, மான், கறி, தலைவரின் பல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கேட்டு முடித்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஈயம் பற்களில் கடிபடுகிறது என்று முறையிட வந்த முதல் வாடிக்கையாளர் நான்தானாம். குறுக்காக வெட்டிய சன்னங்களை மேசை லாச்சியிலிருந்து எடுத்துப் பரப்பினார். நிறை குறைந்தது வேகமாகப் போகும், எலும்பில் பட்டதும் நொறுங்கும். நிறை கூடியது மெதுவாகப் போகும், உறை தடிப்பு. உள்ளே காளான்போல விரியுமே தவிர அவ்வளவாகச் சிதறாது. பாதர் நிறை கூடியதற்கு, நூறு கிரெயினுக்கு, மாற வேண்டும் என்றார்.

"உடையாத, விரியாத சன்னம் ஒன்றும் இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கிறது. ஆனால் மானுக்கு அதைப் பாவிக்கச் சட்டம் விடாது. துளைத்துக்கொண்டு போய்விடும், மான் காயத்தோடு ஓடி வேதனைப்பட்டுச் சாகும். உடனே விழ வேண்டும் என்பதுதான் சட்டம். நீங்கள் கேட்பது பட்டாளத்துக்கு உரியது."

அந்தச் சாமானை எனக்குத் தெரியும். ஊரில் எங்கள் வீட்டுச் சுவரில் பாய்ந்து கிடந்தது. ஒரு மான் எப்படிச் சாக வேண்டும் என்று இருந்து யோசித்துச் சட்டம் எழுதிய நாட்டில் நிற்கிறேன் என்று நினைத்தபோது எனக்குக் கோபமும் வந்தது, மரியாதையும் வந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் தலையை ஆட்டினேன்.

"தோளில் சுடாமல் சற்றுப் பின்னால் விலாவில் சுடச் சொல்லுங்கள். இறைச்சி வீணாகாது," என்றார்.

"விலாவும் நாங்கள் சாப்பிடுவோம்."

"அப்படியானால் கழுத்தில்..."

"கழுத்து எங்களுக்கு நல்ல விருப்பம்."

கையிலிருந்த சன்னத்தை அவர் கீழே வைத்தார். "மானில் எதைத்தான் சாப்பிட மாட்டீர்கள்?"

நான் நேர்மையாக யோசித்துப் பார்த்து, "குளம்பு," என்றேன்.

அறிவு கிடைத்துவிட்டது, தைரியம் கிடைக்கவில்லை. பாதரைக் கண்ட இடமெல்லாம் குளிரைப் பற்றிப் பேசிவிட்டு நழுவினேன். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பாவசங்கீர்த்தனம். அங்கே கேட்டதைச் சுவாமிமார் வெளியில் சொல்லக்கூடாது, அதை மனதில் வைத்து ஒருவரைப் பழிவாங்கவும் கூடாது. முறைப்பாடு சொல்ல அதைவிடப் பாதுகாப்பான கந்தோர் உலகத்தில் எங்கே இருக்கிறது? நத்தாருக்கு முந்திய சனிக்கிழமை போனேன். வழமைக்கு மாறாகத் தமிழ் முகங்கள் நிறைய வரிசையில் இருந்தன. தமிழ்ச் சுவாமியைத் தவிர வேறு யாரிடமும் பாவம் சொல்லாத தலைவரும் இருந்தார். திருநாள் நேரம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

என் முறை வந்ததும் முழங்காலில் நின்று, "பொய் சொன்னேன் பாதர்," என்றேன்.

"என்ன பொய்?"

"மான் இறைச்சி அருமை என்று சொன்னேன். இரண்டு வருடமாக."

கம்பி வலைக்கு அப்பால் நீண்ட பெருமூச்சு ஒன்று கேட்டது. நான் விடவில்லை. "சன்னத்தின் நிறையைக் கொஞ்சம் கூட்டினால்..." என்று தொடங்கினேன்.

"இது சன்னம் பேசும் இடமில்லை," என்றார். "பொய்யை யாரிடம் சொன்னீர்களோ அவரிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள். அதுதான் உங்களுக்குப் பரிகாரம்."

"அது நீங்கள்தானே பாதர்."

"இங்கே நான் அவர் இல்லை. நாளைக்குப் பூசை முடிந்ததும் அவர் வாசலில் நிற்பார்."

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. நூறு மந்திரம் சொல்லச் சொல்லியிருந்தால் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன். பரிகாரம் செய்யாமல் நத்தாருக்கு எப்படி நற்கருணை நன்மை வாங்குவது? இரவெல்லாம் அந்த வசனத்தை ஆங்கிலத்தில் திருப்பித் திருப்பிப் பாடமாக்கினேன்.

ஞாயிறு பூசை முடிந்தது. பாதர் வாசலில் நின்று கைகொடுத்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பார்த்தால் அங்கே ஒரு வரிசை. முழுக்கத் தமிழர். தலைவர், நேர்ஸ் அக்கா, குழுவின் பொருளாளர், எல்லோரும் செத்த வீட்டுக்கு வந்தவர்களைப்போல நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குப் பின்னால் என் மனைவி வந்து நின்றாள்.

"நீர் ஏன் இதில நிக்கிறீர்?" என்று கேட்டேன்.

"என்ரை பாவத்தை உங்களுக்குச் சொல்லவேணுமோ?" என்றாள்.

அப்போதுதான் விளங்கியது. திரைச்சீலை அம்மா சற்றுத் தள்ளி நின்று, இவர்கள் எதையோ கேட்கத் திரண்டு வந்திருக்கிறார்கள் என்ற பயத்தோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் முதலில் போனார். "பாதர், அந்த மான் இறைச்சி..." என்றார். பாதர் ஆவலோடு குனிந்தார். "சொல்லுங்கள்." தலைவர் கன்னத்தைத் தடவினார். "வெரி டேஸ்டி," என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிட்டார். பாதரின் தோள்கள் தொங்கிப்போயின. நேர்ஸ் அக்கா நத்தார் வாழ்த்துச் சொன்னார். பொருளாளர் குளிர் கூடிப்போச்சு என்றார். அடுத்தது நான். மனைவியின் விரல் என் முதுகில் குத்திக்கொண்டிருந்தது.

"பாதர், உங்கள் சன்னம் என்ன நிறை?"

"எண்பது கிரெயின். ஏன்?"

"நூறு பாவியுங்கள். எண்பது உடைந்து எங்கள் பற்களுக்குள் வருகிறது. இரண்டு வருடமாகப் பொய் சொன்னோம். ஹோலை மட்டும் பறித்துவிடாதீர்கள்."

கடைசி வசனம் நான் பாடமாக்கியது அல்ல. தானாக வந்து விழுந்தது. பாதரின் முகம் சிவந்தது. கோபம் என்று நினைத்தேன்.

"ஹோலா?" என்றார் மெல்ல. "ஹோலுக்கு வாடகையாகத்தான் என் இறைச்சியைப் புகழ்ந்தீர்களா?"

அவர் சொன்னது அவ்வளவும் சரி. இந்த நாட்டில் இருக்க விட்டதற்கு நாங்கள் எல்லோருக்கும் அப்படித்தான் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தோம்.

"அந்த ஹோல் என்னுடையது அல்ல. பங்கு மக்களுடையது," என்றார் பாதர். "நீங்கள் பங்கு மக்கள். யாரும் உங்களிடமிருந்து அதை எடுக்க முடியாது. எனக்கு விருப்பமில்லாததைச் சொன்னாலும் எடுக்க முடியாது." திரைச்சீலை அம்மாவுக்கும் கேட்கும்படி சத்தமாகத்தான் சொன்னார். சன்னத்தையும் நூறுக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக ஆறுதலாக இருந்தது.

எனக்குப் பின்னால் நின்ற வரிசை கரைந்தது. நான் சொன்னது தங்களுக்கும் சேர்த்துத்தான் என்று அவரவர் பரிகாரத்தை முடித்துக்கொண்டு புறப்பட்டார்கள். என் மனைவி மட்டும் போகவில்லை. மூன்று வருடமாகத் 'தாங்க்யூ பாதர்' என்பதைத் தவிர அவரிடம் ஒரு வார்த்தை பேசாதவள் முன்னுக்கு வந்தாள்.

"பாதர், மானை ஒரு கிழமை, ஏழு நாள், கொட்டிலில் தொங்கவிட்டு ஏன் கொண்டு வருகிறீர்கள்? நாறுகிறது. சுட்ட அன்றே தாருங்கள்."

"தொங்கவிட்டால்தான் இறைச்சி மெதுவாகும்," என்றார் பாதர்.

"மெதுவாக்க அடுப்பு இருக்கிறது. கறிக்கு அது தேவையில்லை."

"தேவை. என் தகப்பன் அப்படித்தான் செய்தார். நானும் அப்படித்தான் செய்வேன்."

சன்னத்தை மாற்ற உடனே சம்மதித்தவர் இதில் ஓர் அங்குலம் அசையவில்லை. இருவரும் அந்தக் குளிரில் நின்று வாக்குவாதப்பட்டார்கள். அவளும் விடவில்லை.

பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அவள் பாதரைத் திட்டிக்கொண்டே வந்தாள். சொல்வழி கேளாத மனிசன், பிடிச்ச பிடி விடாத மனிசன், சமையல் தெரியாத மனிசன். சொந்தக் கொழுந்தனைத் திட்டுகிற மாதிரி ஒரு திட்டு. இங்கே வந்த நாள் முதல் ஒரு வெள்ளைக்காரரை அவள் குரலைத் தாழ்த்தாமல் திட்டி நான் கேட்டதில்லை.