அடித்த பெயர்களெல்லாம் திரும்பி வந்த வாரம்

விக்டோரியா அக்காவுக்குக் கல்யாணம் என்றதும் எங்கள் அலுவலகத்தில் யாரும் முதலில் நம்பவில்லை. மதுரையிலும் சுற்றுப்பட்டிலும் உள்ள கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கெல்லாம் வரன் பார்த்துக் கொடுக்கும் திருமணத் தகவல் நிலையத்தில் அவர் எழுத்தர். அப்போது முப்பத்தாறு வயது. நான் அவருக்கு உதவியாள். கவர் ஒட்டுவது, தபாலில் சேர்ப்பது, வருகிறவர்களை உட்கார வைத்துச் சமாதானம் சொல்வது என் வேலை. என் பெயர் சீனியம்மாள். நான் கும்பிடுவது காளியை. சம்பளம் வாங்கியது மாதா கோயில் வளாகத்தில். காளிக்கும் மாதாவுக்கும் அதனால் எந்தத் தகராறும் வந்ததில்லை.

அக்காவின் அப்பா செல்லூரில் தறி ஓட்டியவர். அவர் காலமானபோது இரண்டு தம்பிகளும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். டைப்ரைட்டிங் பாஸ் பண்ணியிருந்த அக்கா இந்த வேலைக்கு வந்து அவர்களை ஆளாக்கினார். ஆளானவர்கள் கல்யாணம் முடித்து வெளியூர் போய், கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை போடுவதோடு கடமையை முடித்துக்கொண்டார்கள். அக்கா அதற்காக ஒருநாளும் புலம்பியதில்லை. அவருக்கும் சேர்த்து நான்தான் புலம்புவேன்.

சத்தியசீலன் சார் நாகமலை புதுக்கோட்டையில் பள்ளி ஆசிரியர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. அவருடைய அக்கா ஆரோக்கியம் பிடித்துத் தள்ளியதால் பெயரைப் பதிய வந்தார். வரன் ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்க அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். வந்தால் வரனைப் பற்றிக் கேட்கமாட்டார். பஸ்ஸில் நடந்த சண்டையையும், எட்டாம் வகுப்புப் பையன் பரீட்சையில் எழுதி வைத்த கூத்தையும் சொல்லிக்கொண்டிருப்பார். அக்கா கைவேலையை விடாமல் கேட்டுச் சிரிப்பார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர்கள் இருவருக்கும் புரியத்தான் ஒரு வருஷம் பிடித்தது.

ஆரோக்கியம் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "என் தம்பிக்கு இம்புட்டு வயசுல ஒரு பொண்ணா?" என்று என்னிடமே கேட்டார். தம்பிக்கு நாற்பத்தொன்று என்பது அவர் கணக்கில் வரவில்லை. கடைசியில் அரை மனதாக ஒத்துக்கொண்டார். மே மாதக் கடைசியில் கல்யாணம். அதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை இரு தரப்புக் கோயில்களிலும் ஓலை வாசிக்க வேண்டும்: இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லலாம் என்று பூசையில் அறிவிப்பார்கள். முதல் ஓலை நல்லபடியாக முடிந்தது. இரண்டாவது வாசிப்பதற்குள் கம்ப்யூட்டரை மாற்றினார்கள்.

இது 1988-இல். எங்களிடம் இருந்தது ஒரு சாமியார் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய மெஷின். வரன்களின் விவரமெல்லாம் அதில் இரண்டாம் வெர்ஷன் டேட்டாபேஸில் இருந்தது. பழுதானால் பார்க்க ஆளில்லை என்று புது மெஷின் வாங்கி, மூன்றாம் வெர்ஷன் போட ஏற்பாடு செய்தார்கள். கிருபாகரன் என்ற பையன் வந்தான். பையன் என்றால் அரும்பு மீசை; ஆனால் டை கட்டியிருந்தான், அதுவும் மதுரையில், அக்கினி நட்சத்திரத்தில்.

அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. யாருக்காவது கல்யாணம் நிச்சயமானால் அந்தப் பெயருக்கு நீக்கல் குறி போடுவார். நாங்கள் அதைப் பெயரை அடிப்பது என்போம். குறி விழுந்த பெயர் மாதாந்தரப் பட்டியலில் அச்சாகாது, ஆனால் உள்ளே உயிரோடு இருக்கும். அடியோடு துடைப்பதற்கும் ஒரு கட்டளை இருந்தது. அதை அவர் கொடுத்ததே கிடையாது. எங்கள் ஊர்க் கல்யாணம் பத்திரிகை அடித்த பிறகும் நிற்கும், பிரியாணிக்கு ஆடு பிடித்த பிறகும் நிற்கும். நின்றுபோனால் குறியை எடுத்துவிட்டால் போதும், பழையபடி விவரமெல்லாம் கேட்டு அந்தப் பிள்ளையை நோகடிக்க வேண்டியதில்லை. அதனால் நிலையம் தொடங்கிய நாளிலிருந்து கல்யாணமான அத்தனை பேரும் குறியோடு உள்ளேயே கிடந்தார்கள்.

"எல்லாப் பேரும் புதுசுக்கு வரணுமாக்கா?" என்று கிருபாகரன் கேட்டான்.

"ஒண்ணு விடாம வரணும் தம்பி. ஒரு பேரு விட்டுப்போச்சுன்னாலும் ஒரு பிள்ளையோட வாழ்க்கை" என்றார் அக்கா.

அவன் ஒன்று விடாமல் கொண்டுவந்தான். பழைய மெஷினிலிருந்து எல்லாவற்றையும் வெறும் எழுத்தாக இறக்கிப் புதியதில் ஏற்றினான். பெயர் வந்தது, வயது வந்தது, எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்ற பங்கு விவரம் வந்தது, படிப்பு வந்தது. குறி மட்டும் வரவில்லை. குறியைப் பற்றி அவன் கேட்கவில்லை, அக்கா சொல்லவும் இல்லை. இரண்டு பேரையும் தலையில் குட்ட வேண்டும்போல எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. அந்த மாதப் பட்டியல் வழக்கத்தைவிடத் தடியாக அச்சானதைப் பார்த்து, கோயிலையும் நிலையத்தையும் பார்த்துக்கொண்ட ஃபாதர், நிலையம் வளர்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார். நானும் பிரித்துப் பார்க்காமல் எல்லாப் பங்குகளுக்கும் தபாலில் சேர்த்துவிட்டேன்.

அந்த வாரம் எங்கள் வாசலில் ஒரே ரகளை. பேரனின் ஞானஸ்நானத்துக்குச் சொந்தக்காரர்களை அழைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, மகனுக்கு ஜாதகமில்லாத குறையாகப் பெண் விவரம் வந்து குவிவதாகவும், மருமகள் பெட்டியைக் கட்டிவிட்டதாகவும் மாரில் அடித்துக்கொண்டார். இன்னொரு ஆள், இரட்டைப் பிள்ளைக்குத் தகப்பன், வந்திருக்கும் பெண்ணின் போட்டோவை ஒருதரம் பார்க்கலாமா என்று ரகசியமாகக் கேட்டான். அவனை நான் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது.

பட்டியலில் சத்தியசீலன் சாரும் இருந்தார். விக்டோரியா அக்காவும் இருந்தார்; முன்பு ஃபாதர் வற்புறுத்திப் பதியவைத்த தன் பெயரையும் நிச்சயமானதும் அவர் அடித்துத்தான் வைத்திருந்தார். அரசுச் சம்பளம் வாங்கும் ஆசிரியர், பிள்ளை இல்லாதவர். பெண் வீட்டுக்காரர்கள் விடுவார்களா? திருமங்கலத்திலிருந்து ஒரு குடும்பம் நேராக ஆரோக்கியம் அம்மா வீட்டுக்கே போய்விட்டது. பெண் டீச்சர், இருபத்தேழு வயது, ஒரே மகள்.

அக்கா பழைய மெஷினை ஓடவிட்டு, குறி உள்ள பெயர்களைப் பார்த்துப் பார்த்துப் புதியதில் மறுபடி அடித்துக்கொண்டிருந்தார். திருத்தப் பட்டியல் உடனே போக வேண்டும். அப்போதுதான் ஆரோக்கியம் அம்மா வந்தார். உட்காரக்கூட இல்லை.

"தம்பி பேர இப்ப எடுக்க வேணாம் விக்டோரியா. அது பாட்டுக்கு இருக்கட்டும். ஞாயித்துக்கெழம திருமங்கலம் போயிட்டு வாரோம்."

நான் எழுந்துவிட்டேன். அக்கா என்னைக் கையால் அமர்த்தினார். "சரிங்க" என்றார். அவ்வளவுதான்.

நிலையத்தில் ஒரு சட்டம் இருந்தது; போட்டவரும் அக்காதான். ஒருவர் பெயரை எடுப்பதோ வைப்பதோ அந்த ஆளே வந்து சொன்னால்தான். தாய் சொன்னாலும் ஆகாது, தகப்பன் சொன்னாலும் ஆகாது. அதனால் பெரியவர்களிடம் எத்தனையோ முறை வசவு வாங்கியிருக்கிறார். இப்போது அந்தச் சட்டம் அவர் கழுத்தையே பிடித்தது.

"எடுக்கச் சொல்லித்தானக்கா சாரு முன்னமே சொன்னாரு? அடிச்சு விடுங்க" என்றேன்.

"இப்ப வேணாம்னு சொல்லி விட்ருக்காருன்னா?"

"சொன்னது அவுக அக்கா."

"அப்ப அவரே வந்து சொல்லட்டும். எதுவானாலும்."

"உங்க பேரயாச்சும் எடுங்க."

"அவர் பேர் இருக்குற வரைக்கும் என் பேரும் கெடக்கட்டும் சீனி."

கல்யாணமானவர்களை ஒருவர் விடாமல் மறுபடி அடித்து முடித்தார். இரண்டு பெயர்களை மட்டும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஓலை வாசித்தார்கள். அந்தப் பூசையில் சத்தியசீலன் சார் இல்லை, திருமங்கலத்தில் இருந்தார். திங்கள் வரவில்லை. செவ்வாய் வரவில்லை. அக்கா வேலை செய்தார், வருகிறவர்களுக்குப் பதில் சொன்னார், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார். மூன்றாவது ஓலையை வாசிக்கலாமா, நிறுத்தட்டுமா என்று ஃபாதர் கேட்டனுப்பினார். சனிக்கிழமை சொல்வதாக அக்கா சொல்லிவிட்டார். எனக்கு அந்த ஆளின் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நாகமலைக்கே பஸ் ஏறிப் போய் நாலு கேள்வி கேட்கலாம் என்றுகூட நினைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவரே வந்தார். சட்டையெல்லாம் வியர்வை. அக்காவின் மேசைக்கு எதிரே நின்றார். அக்கா உட்காரச் சொல்லவில்லை.

"பேர எடுக்கணுமா, வைக்கணுமா?" என்று கேட்டார், வேறு யாரிடமோ கேட்பதுபோல.

"எடுக்கணும்."

"எந்தக் கணக்குல எடுக்க? திருமங்கலமா?"

சார் தலையைக் குனிந்துகொண்டார். "போனேன். அக்கா அழுதுச்சு, மறுக்க முடியல. பொண்ணு நல்ல பொண்ணு. குறை சொல்ல ஒண்ணும் இல்ல. காப்பி குடுத்தாங்க, கேசரி குடுத்தாங்க. கேசரில உப்பு அள்ளிப் போட்டுட்டாங்க. மொத்தக் குடும்பமும் அதை வாயில வச்சுக்கிட்டு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு, நல்லாருக்கு நல்லாருக்குன்னு..." நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "எனக்குச் சிரிப்பு வந்துச்சு. உடனே, மதுரைக்குப் போயி இதை உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு. அப்படித் தோணுனதும் கேசரி எறங்கல. அங்கேயே கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுட்டு எந்திரிச்சுட்டேன்."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு திடீரென்று கோபம் வந்தது. அத்தனை வருஷத்தில் அவர் குரலை உயர்த்தி அன்றுதான் கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம தோணுனதுக்கு சனிக்கெழமதான் பஸ் கெடச்சுச்சா?"

"எந்த முகத்தோட வர்றது? வெக்கமா இருந்துச்சு."

"உங்களுக்கு வெக்கம். இங்க நான் ஒரு வாரமா என்ன பாடு பட்டேன்னு தெரியுமா? சோறு எறங்கல. கண்ண மூடுனா தூக்கமில்ல. வர்றவுக முன்னாடி சிரிச்சுச் சிரிச்சு வாயே வலிச்சுப்போச்சு. இதையெல்லாம் நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?"

சார் நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு நேராக உட்கார்ந்தார்.

"எங்கிட்ட சொல்லுங்க" என்றார்.