மீன் கடையிலிருந்து பீலிக்கு

போன ஞாயிறு, ஒரு கலியாண வீட்டுக்காகப் பலாங்கொடையில் தோட்டத்து பஸ் ஏறினேன். புறப்படும் நேரத்தில், மார்க்கெட் பக்கமிருந்து ஓடி வந்த ஒருவர் பழைய உரப்பை மூட்டைகளை உள்ளே தள்ளிவிட்டுப் போனார்.

பக்கத்து சீட்டில் பாக்கியம் என்றொரு பெண். தேயிலைக் கொழுந்து பறிப்பவள். மடியில் இரண்டு வயது மகள். வயிற்றோட்டத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்த பிள்ளையை அன்றுதான் வீட்டுக்கு விட்டிருந்தார்கள்.

ஒரு மூட்டை அவள் காலடிக்கு வந்தது. ஒரே மீன் வாடை. பாக்கியம் முகம் சுளிக்கவில்லை. காலைத் தூக்கி சீட்டில் மடித்துக்கொண்டாள்.

"தோட்டத்துக் கடைக்குப் போற கருவாடா இருக்கும்ங்க ஐயா. மிதிச்சா நொறுங்கிப் போயிடும்."

யாருடைய மூட்டைக்கோ இவ்வளவு மரியாதை!

மலை ஏறும்போது ஒரு வளைவில் பஸ் நின்றது. இறங்க யாருமில்லை. கண்டக்டர் மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் உதைத்துத் தள்ளினான். பாக்கியம் பாதுகாத்த மூட்டை படியிலேயே அவிழ்ந்துகொண்டது. செவுள், குடல், அழுகிய தலைகள்...

பாக்கியம் துள்ளி எழுந்தாள்.

"மல்லி! தம்பி! அந்தப் பள்ளத்துக்குக் கீழதான் எங்க தண்ணிப் பீலி இருக்கு! அந்தத் தண்ணியத்தான் லயத்து வீடு அத்தனையும் குடிக்குது!"

அதையே சிங்களத்திலும் கத்தினாள்.

"நான் என்ன செய்ற, அக்கே? மீன்கடை முதலாளிதானே ஏத்தச் சொல்ற. எல்லா ஞாயிறும் போடுறதானே" என்றான் கண்டக்டர், தமிழில்.

எல்லா ஞாயிறும்!

பாக்கியம் மகளை இறுக்கிக்கொண்டாள். "தண்ணிய கொதிக்க வச்சுக் குடுக்கத் தெரியாதான்னு நர்ஸ் நோனா எம்மேல எரிஞ்சு விழுந்தாங்கய்யா..."

எனக்கு ரத்தம் கொதித்தது. பிள்ளையைப் படுக்க வைத்தவன் யார்? ஏச்சு வாங்கியவள் யார்?

மறுநாள் டவுனில் இறங்கியதும் நேரே மார்க்கெட்டில் கண்டக்டர் சொன்ன அந்த மீன் கடைக்குப் போனேன். கடை பளபளவென்று இருந்தது! டைல்ஸ் பதித்த மேடை, டெட்டோல் வாசனை, 'இங்கே குப்பை போட வேண்டாம்' என்று மூன்று மொழியிலும் போர்ட். முதலாளிக்கு என்னைத் தெரியும். பிளேன்டீ வரவழைத்தார்.

"கவுன்சில் லொறி ஒழுங்கா வாறதில்ல, சேர். குப்பை கிடந்தா சுகாதார இன்ஸ்பெக்டர், அந்த பீ.எச்.ஐ. வந்து கேஸ் போடுவாரு. அதான் மேல அனுப்புறோம். அங்க யாருக்கும் கரச்சல் இல்லையே... வெறும் காடு."

லொறி வராதது உண்மைதான். கவுன்சிலைக் கேட்கவும் என்னிடம் நாலு கேள்வி இருக்கிறது. ஆனால் சுத்தம் என்றால் என்ன? நம் வாசல் அழுக்கை, தட்டிக்கேட்க ஆளில்லாதவர்களின் தண்ணீரில் கொட்டுவதா? அதற்குப் பெயர் சுத்தமில்லை - அயோக்கியத்தனம்!

இதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். பாக்கியத்தைப் பற்றியும் அந்தப் பிள்ளையைப் பற்றியும் சொன்னேன். முதலாளி உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"அடப் பாவமே! சின்னப் பிள்ளையா? நீங்க கவலப்படாதீங்க சேர். வாற ஞாயிறு வேற வளைவுல போடச் சொல்றேன்."

அந்த ரோட்டில் லயம் இல்லாத வளைவே கிடையாது.