மாமி வீட்டுக் கிணற்றைப் பற்றி நான் சொன்னது

அந்தக் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நான் சொன்னது பொய். தெரியாமல் சொன்ன பொய் அல்ல. மூக்கால் முகர்ந்து, கண்ணால் கண்டு, எல்லாம் தெரிந்த பிறகு சொன்ன பொய்!

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். சொல்ல வேண்டியவளிடம் சொல்லத் துணிவில்லை. அதனால் முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். கோழைகளுக்கு எப்போதும் இப்படி ஒரு சந்து கிடைத்துவிடுகிறது.

அப்போது நான் திருச்சியில் சுற்றுச்சூழல் தொழில்நுட்பத்தில் எம்.டெக். படித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பருவம். எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீடு. அப்பா ரயில்வே பணிமனையில் பிட்டர். 'எம் பொண்ணு தண்ணிய வச்சுப் படிக்குது' என்று பணிமனை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். தண்ணீரை வைத்து என்ன படிப்பு என்று யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

என் ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது ஸ்ரீரங்கத்து வீட்டுக் கிணறுகளை. அந்த ஊரில் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ஒரு வீட்டுக் கொல்லையில் கிணறு, சுவருக்கு அந்தப்புறம் அடுத்த வீட்டின் கழிவறைத் தொட்டி. தொட்டியில் விரிசல் விட்டால் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். எந்தக் கிணற்றில் கிருமி இருக்கிறது, எதில் இல்லை என்று கண்டறிவதுதான் என் வேலை. கிருமி நீக்கிய கண்ணாடிப் புட்டியைக் கயிற்றில் கட்டி இறக்கி, தண்ணீர் எடுத்து, பனிக்கட்டி வைத்த தெர்மாகோல் பெட்டியில் பத்திரப்படுத்திக் கல்லூரிக்குக் கொண்டுபோக வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் கண்டக்டர்கள் ஐஸ் விற்கிறேன் என்று நினைத்தார்கள்.

மாமி வீடு அப்படித்தான் அறிமுகம். மாமிக்கு என் அம்மாவின் வயது இருக்கும். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன், மருமகள். அந்த வீட்டில் பெருமாளின் திருமஞ்சனத்துக்கும் தளிகைச் சமையலுக்கும் குடிப்பதற்கும் கிணற்றுத் தண்ணீர்தான். குழாய் உண்டு, அது பாத்திரம் கழுவ. காய்ச்சுவது என்ற பேச்சே கிடையாது. பெருமாளுக்கு ஆன தீர்த்தத்தை அடுப்பில் ஏற்றி வேறாக்குவதாவது!

மருமகள் நித்யா கோயம்புத்தூர்ப் பெண். வீட்டிலிருந்தபடியே ஒரு கணினி நிறுவனத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தாள். அவள் மட்டும் கேன் தண்ணீர் வாங்கித் தன் அறையில் வைத்துக் குடித்தாள். அப்போது அவளுக்கு மூன்றாம் மாதம். கேன் தண்ணீர் அந்த வீட்டில் ஒரு சண்டையாக வளர்ந்திருந்தது. கூச்சல் இல்லாத சண்டை. கேன்காரன் மணி அடித்தால் மாமி பூஜை அறைக்குள் போய்விடுவார். அவன் போன பிறகுதான் வெளியே வருவார். என்னை அந்த வீட்டுக்கு மாமியே விரும்பி அழைத்ததன் காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. படித்தவள் ஒருத்தி வந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும்!

பங்குனி வெயிலில் நான் போய் நின்றபோது மாமி முகம் எல்லாம் சிரிப்பு. "நீ வரேன்னு சொன்னியோன்னோ, அதான் நேத்திக்கே ஆள் விட்டுத் தூர் வாரி, பிளீச்சிங் பவுடர் கரைச்சு விட்டுட்டேன். நீ பார்க்கறச்சே கிணறு பளிச்சுனு இருக்கணுமில்லையா?" என்றார்.

சிரிக்காதீர்கள். விருந்தாளி வருகிறார் என்றால் நாம் வீட்டைப் பெருக்கி வைப்பதில்லையா? மாமி கிணற்றைப் பெருக்கி வைத்தார். அதில் சூது இல்லை. பரிசோதனை என்றால் கிணற்றை அது இருக்கிறபடி பார்ப்பது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

குனிந்ததுமே நெடி மூக்கில் ஏறியது. சோதனைக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டேன். குளோரின் இருந்தால் மஞ்சளாகும். பொன் மஞ்சளாக ஆயிற்று... அந்தத் தண்ணீரில் எந்தக் கிருமியும் உயிரோடு இருக்காது. ஒரு மாதம் கழித்து, நெடி அடங்கிய பின் வந்து மீண்டும் எடுக்க வேண்டும். முதல் பருவத்து மாணவிக்கும் தெரிந்த விதி இது.

குழாயைக் கவிழ்த்துக் கழுவினேன். புட்டியை இறக்கித் தண்ணீர் எடுத்தேன்.

ஏன்? எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, உண்மை. வெயில், அலைச்சல், எல்லாம் உண்மை. மாமி இலை போட்டுப் புளியோதரையும் தயிர்சாதமும் பரிமாறினார், அந்தக் கையைப் பார்த்து 'உங்கள் கிணற்றை மறுபடி சோதிக்க வேண்டும்' என்று சொல்ல நா எழவில்லை, அதுவும் உண்மை. ஆனால் இவையெல்லாம் பூச்சு வேலை. சுரண்டினால் உள்ளே இருப்பது சோம்பல். பத்தோடு பதினொன்று, இதுவும் ஒரு கிணறு என்ற அலட்சியம்!

எதிர்பார்த்தபடியே கிருமி இல்லை என்று முடிவு வந்தது. மற்ற கிணறுகள் பெரும்பாலும் கெட்டிருந்தன. இது ஒன்றுதான் சுத்தம். வாய்மொழித் தேர்வில், இது மட்டும் எப்படிச் சுத்தமாக இருக்கிறது என்று கேட்டார்கள். வழிபாட்டுக்குப் பயன்படுவதால் வீட்டார் கண்ணும் கருத்துமாகப் பேணுகிறார்கள் என்றேன். கேட்டவர் மகிழ்ந்துபோனார். என் ஆய்வேட்டிலேயே நல்ல வரி அதுதான் என்றார். நானும் தலைகுனிந்து நன்றி சொன்னேன்... வெட்கங்கெட்டவள்!

இதோடு நின்றிருந்தால் இது வெறும் மாணவத் திருட்டு. எந்தக் கல்லூரியில் இல்லை? ஆனால் நான் மாமி வீட்டுக்கு முடிவைச் சொல்லப் போனேன்.

மாமி, மகன், நித்யா மூவரும் கூடத்தில் இருந்தார்கள். தண்ணீரில் ஒரு குறையும் இல்லை என்றேன். மாமி மகனைப் பார்த்தார். மகன் நித்யாவைப் பார்த்தான். நித்யா என்னைப் பார்த்தாள். வாசல்வரை என்னுடன் வந்தாள். தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அக்கா, எனக்காகக் கேக்கல, வயித்துல இருக்கிறதுக்காகக் கேக்கறேன். நெஜமாவே குடிக்கலாமா?"

உங்கள் காலில் விழுந்து சொல்கிறேன், அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் நினைவிருந்தது. அந்த மஞ்சள் கண்ணில் நின்றது. 'கொஞ்ச நாள் பொறுங்க, இன்னொரு தடவை பார்த்துடறேன்' என்று சொன்னால் போதும். சொன்னால் சற்றுமுன் கூடத்தில் சொன்னது என்ன ஆகும்? மாமி என்ன நினைப்பார்? தண்ணீரைப் படித்தவள் என்று ஒரு வீடே என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. முதன்முறையாக! அதை இறக்கி வைக்க மனம் வரவில்லை.

"தாராளமா குடிங்க" என்றேன்.

மறுநாளே கேன் நின்றுவிட்டது என்று மாமி போனில் சொன்னார். குரலில் அப்படி ஒரு நிறைவு.

ஆவணியில் சீமந்தத்துக்கு அழைத்தார்கள். போனேன். நித்யா பூரித்துப்போயிருந்தாள். மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் தொட்டுத் தொட்டுப் பேசினார்கள். என்னை வந்தவர்களுக்கெல்லாம் அறிமுகம் செய்து, இந்தப் பெண்ணால்தான் எங்கள் வீட்டில் நிம்மதி வந்தது என்றார் மாமி. எனக்கும் அந்தத் தண்ணீரைத்தான் கொடுத்தார்கள். குடித்தேன்! எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை வைத்துக்கூட மனத்தைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன்.

புரட்டாசியில் நித்யாவுக்கு மஞ்சள் காமாலை. கர்ப்பிணிகளைக் குறிவைத்து அடிக்கிற வகை. அசுத்தமான தண்ணீராலோ உணவாலோ வருவது. அவளைப் பிழைக்க வைத்தார்கள். குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. பெண் குழந்தை.

செய்தி கேட்டதும் நான் முதலில் அழவில்லை. முதலில் என்ன செய்தேன் தெரியுமா? என் ஆய்வேட்டில் அந்த வீட்டின் அடையாளம் எங்கேனும் இருக்கிறதா என்று நினைத்துப் பார்த்தேன். இல்லை என்று தெளிந்த பிறகுதான் அழுகை வந்தது. அழுகையிலும் அதுதான் என் லட்சணம்.

தண்ணீராலா, உணவாலா என்று மருத்துவர் கேட்டபோது, தண்ணீர் பரிசோதித்த தண்ணீர் என்று அவள் கணவன் சொல்லியிருக்கிறான். அப்படியென்றால் உணவு. வெளியில் என்ன சாப்பிட்டாய் என்று தோண்டித் துருவியிருக்கிறார்கள். ஒரு மாலை சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் துணி எடுக்கப் போனவள், ஆசைப்பட்டு ஒரு தட்டு பானிபூரி சாப்பிட்டிருக்கிறாள். கிடைத்துவிட்டது அல்லவா குற்றவாளி! வீட்டில் யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள்.

நான் பார்க்கப் போனபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் இன்னும் மஞ்சள் வடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுத் தண்ணியில ஒண்ணுமில்லைன்னு நீங்களே சொன்னீங்க. நான்தான் அக்கா. என் நாக்குதான். என் குழந்தைய நானே கொன்னுட்டேன்."

அந்தக் கை என் கைக்குள் இருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை! அவள் என்னை அறைந்திருப்பாள், அந்த வீடே என்னைச் சபித்திருக்கும், ஆனால் அவள் தன்னையே தின்றுகொண்டிருப்பது நின்றிருக்கும். நான் அவள் முதுகைத் தடவி, அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது என்றேன். ஊரார் சொல்கிற ஆறுதல். நானும் ஊரார்போல நடித்தேன்.

பானிபூரியாகவும் இருக்கலாம் என்கிறீர்களா? இருக்கலாம்... அந்த 'லாம்' இல்லாவிட்டால் நான் என்றோ பைத்தியமாகியிருப்பேன். ஆனால் கேளுங்கள், அந்த 'லாம்' என் கையிலேயே தீர்ந்திருக்கும். அன்று கிளம்பும் முன் மாமியிடம் கேட்டு ஒரு புட்டித் தண்ணீர் எடுத்துக்கொண்டேன். இந்த முறை நெடி இல்லை. கல்லூரி ஆய்வகத்தில் தோழி ஒருத்தி இருந்தாள். கொடுத்தால் ஓரிரு நாளில் தெரிந்துவிடும். கிருமி இருக்கிறதென்றால் கிணற்றை மூடச் சொல்லலாம், நித்யாவிடம் உண்மையைச் சொல்லலாம். இல்லையென்றால் நானும் நிம்மதியாகத் தூங்கலாம்.

பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்வரை புட்டியை மடியில் அணைத்து வைத்திருந்தேன். சத்திரத்தில் இறங்கினேன். பட்டப்பகல், பூக்கடைகளில் கூட்டம். நடைபாதை ஓரம் நின்று மூடியைத் திறந்து, தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கிணற்றில் முதல் முறை செய்தது சோம்பல் என்றேன். இது என்ன? இதற்கு நீங்களே ஒரு பெயர் வையுங்கள். எனக்குத் தெரிந்த பெயர்களை எல்லாம் சொல்லி என்னை நானே திட்டிப் பார்த்துவிட்டேன்.

இப்போது ஒரு தொழிற்சாலையில் கழிவுநீர் சுத்திகரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். தண்ணீர் எப்படி இருக்கிறது என்று தினமும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு சோதனையை இரண்டு முறை, மூன்று முறை செய்கிறேன். அக்காவைப் போல் ஒழுங்கு யாருக்கு வரும் என்கிறார்கள் கீழே வேலை செய்கிற பெண்கள். ஊருக்கு உத்தமி! செத்த பிள்ளைக்கு இதில் என்ன?

போன மாதம் நித்யா போன் செய்தாள். மறுபடி உண்டாகியிருக்கிறாளாம். குரலில் பயமும் ஆசையும் கலந்திருந்தன.

"இந்தத் தடவை வெளியில ஒரு வாய் சாப்பிடறதில்ல அக்கா. ஹோட்டல் கிடையாது, ஜூஸ் கிடையாது. எங்க போனாலும் வீட்டுத் தண்ணிதான் பாட்டில்ல எடுத்துட்டுப் போறேன்."

எப்படியோ, காய்ச்சிக் குடிங்க என்று சொன்னேன். எத்தனை நல்ல தண்ணீர் என்றாலும் கர்ப்பிணிகள் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று ஏதோ உளறினேன்.

அவள் சிரித்தாள். "அத்தை விடணுமே. நான் சொன்னா கேக்க மாட்டாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க அக்கா. நீங்களே சொல்லுங்களேன்."

சொல்கிறேன் என்றேன்.

மாமியின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன். முன்பு நல்லது என்றாயே, இப்போது ஏன் காய்ச்சச் சொல்கிறாய் என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பொய்யாக ஒரு பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். நித்யாவுக்கு மாதம் ஏறிக்கொண்டே போகிறது. நான் இன்னும் சொல்லவில்லை.