அத்தையை உட்கார வச்ச கிறிஸ்துமஸ்

கசகசாவும் தேங்காயும் சோம்பும் சேர்த்து அரைச்சு, கொதிக்கிற கறிக்குழம்புல ஊத்தினதும் ஒரு வாசனை வரும் பாருங்க... எங்க மாமியார் வீட்டு கிறிஸ்துமஸ்னா எனக்கு அதுதான்.

திருவிடைமருதூர் பக்கம் ஒரு கிராமம். சுத்தி சம்பா கதிர் வந்து நிக்கும். காலைப் பூசை முடிஞ்சு நாங்க வீடு வந்து சேர்றதுக்குள்ள அத்தை கொல்லையில விறகடுப்பு மூட்டியிருப்பாங்க. மூணு பிள்ளைங்க குடும்பமும் சேர்ந்தா பதினெட்டு பேர். அத்தனை பேருக்கும் அவங்க ஒரு ஆளாத்தான் சமைப்பாங்க. எங்களை வெங்காயம் உரிக்க விடுவாங்க... அதுக்கு மேல விட மாட்டாங்க.

அப்புறம் நாங்க தஞ்சாவூர்ல வீடு கட்டினோம். கிரானைட் மேடை, நாலு பர்னர் ஸ்டவ், புது மிக்ஸி. அந்த வருஷம் அத்தைக்கு அண்டாவைத் தூக்கி இறக்கக் கை நடுங்குதுன்னு இவர் வந்து சொன்னார். நான் போன் பண்ணி, "அத்தை, இந்த வருஷத்துலேருந்து கிறிஸ்துமஸ் நம்ம வீட்ல. நீங்க கஷ்டப்பட வேணாம்"னேன்.

கேட்டேன்னு சொல்ல மாட்டேன். சொன்னேன்.

"சரிம்மா"ன்னாங்க.

அவங்க கஷ்டம் ஒரு காரணம்தான். புது கிச்சனை எல்லாரும் பாக்கணும்ங்கறதும் ஒரு காரணம். இப்ப ஒத்துக்கறதுல என்ன இருக்கு...

கிறிஸ்துமஸ் அன்னிக்கு அத்தை கும்பகோணம் வந்து பஸ் மாறி, பத்து மணிக்கெல்லாம் வந்துட்டாங்க. கையில ஒரு தூக்குவாளி. வாய்ல வாழை இலையை வச்சு மூடி, துணியால கட்டியிருந்தாங்க.

"கொஞ்சமா குழம்பு வச்சேம்மா. பசங்க கேப்பானுங்க..."

"எதுக்கு அத்தை இதெல்லாம்? இங்கதான் எல்லாம் செஞ்சாச்சே"ன்னு வாங்கி, பிரிட்ஜுக்குப் பின்னாடி ஷெல்ப்ல வச்சேன்.

ஹால்ல உட்கார வச்சேன். பத்து நிமிஷத்துல கிச்சனுக்கு வந்து, "தேங்காய் துருவித் தரவா?"ன்னாங்க. வேணாம்னேன். மறுபடி வந்து, "இலை கழுவவா?" அதுவும் வேணாம்னேன். மூணாவது தடவை ஒண்ணும் கேக்கல... வாசப்படியில சும்மா நின்னாங்க.

"அத்தை, வழியில நிக்காதீங்க. கொதிக்கிற பாத்திரம் எடுத்துட்டு வரேன்."

திட்டலீங்க... அவசரத்துல சொன்னதுதான். ஆனா அவங்க நகந்த வேகம் இருக்கே, பக்கத்து வீட்டு ஆள் நகர்ற மாதிரி நகந்தாங்க.

என் பிரியாணியை எல்லாரும் பாராட்டினாங்க. சாயங்காலம் கிளம்பும்போது அத்தையே போய் அந்தத் தூக்குவாளியை எடுத்தாங்க. கட்டு அவிழ்க்கவே இல்ல. நான் மறந்தே போயிருந்தேன்.

"பரவால்லம்மா, எனக்கு நாளைக்கு ஆச்சு"ன்னு சிரிச்சாங்க.

அதுக்கப்புறம் எல்லா கிறிஸ்துமஸுக்கும் வந்தாங்க. வெறும் கையோட. கிச்சன் பக்கம் வரவே இல்ல. எனக்கு அப்ப அது சௌகரியமாத்தான் இருந்துச்சு... அவங்க போய் இப்ப பதினோரு வருஷம் ஆச்சு.

இந்த வருஷம் நவம்பர்லேயே மருமக ஜெனி போன்.

"அத்தை, இந்தத் தடவை கிறிஸ்துமஸ் எங்க வீட்ல. உங்க முட்டியை வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம்தான் நிப்பீங்க?"

"சரிம்மா"ன்னு போனை வச்சுட்டேன். ரெண்டு நாள் யார்கிட்டயும் சரியா பேசல. "இத்தனை வருஷம் செஞ்சாச்சு, விடேன்"னார் இவர். விடறது அவருக்கு ஈஸி. அவர் எதைப் பிடிச்சிருந்தார் விடறதுக்கு?

கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஜெனி வீட்டு சோபாவுல உட்கார்ந்தேன். உள்ள குக்கர் விசில் அடிக்குது. தாளிப்பு லேசா கருகற வாசனை வேற... கால் தானா எழுந்துடுச்சு. பாத்தா நான் கிச்சன் வாசப்படியில நிக்கிறேன்.

ஜெனி வேர்த்து விறுவிறுத்துப் போய் திரும்பினா. "என்ன அத்தை, ஏதாவது வேணுமா?"

என்ன வேணும் எனக்கு? "தண்ணி"ன்னு சொன்னேன். குடுத்தா. தாகமே இல்லாம ஒரு சொம்பு தண்ணியையும் குடிச்சுட்டு வந்து உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததும் அத்தை ஞாபகம் வந்துச்சு. அவங்களுக்கும் அன்னிக்குத் தேங்காயா முக்கியம்...

கொஞ்ச நேரத்துல ஜெனியே கரண்டியோட ஹாலுக்கு வந்தா. "அத்தை, கையை நீட்டுங்க. உப்பு சரியா பாருங்க. எனக்கு ஒண்ணும் புரியல."

உள்ளங்கையில ஒரு சொட்டு குழம்பு. நக்கிப் பாத்தேன். "இன்னும் அரை ஸ்பூன் உப்பு போடு"ன்னேன். ஓடினா.

இவ்வளவுதாங்க. இந்த ஒரு சொட்டைக் குடுக்கணும்னு எனக்கு அன்னிக்குத் தோணலியே.

கல்யாணமான இத்தனை வருஷத்துல முதல் தடவையா முதல் பந்தியில உட்கார்ந்து சூடா சாப்பிட்டேன். கிளம்பும்போது ஜெனி கேட் வரைக்கும் வந்தா.

"உண்மையைச் சொல்லுங்க அத்தை... நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு"ன்னு ரெண்டு தடவை சொன்னேன். அவ முகத்தைப் பாத்து, அவ காதுல விழுந்துடுச்சுன்னு தெரிஞ்சப்புறம்தான் வண்டியில ஏறினேன்.

நானும் அன்னிக்கு அத்தைகிட்ட இதே கேள்வியைக் கேட்டேன். அவங்க ஏதோ சொன்னாங்க. அதுக்குள்ள யாரோ கூப்பிட்டாங்கன்னு நான் திரும்பிட்டேன்.

என்ன சொன்னாங்கன்னு வண்டி வீடு வர்ற வரைக்கும் யோசிச்சுப் பாத்தேன்...