எஞ்சின் மூடிக்கு வைத்த பொட்டு

என் மோட்டார் சைக்கிள் எண்ணெய் ஒழுக ஆரம்பித்தபோது, மாசாயில் நாங்கள் இருக்கும் ஃபிளாட்டில் யாரும் என்னிடம் வந்து சொல்லவில்லை. என் கணவரிடம்தான் சொன்னார்கள். "என்னண்ணே, உங்க வண்டி கீழ ஒண்ணுக்குப் போயிருக்கு?" வண்டி என்னுடையது. கல்யாணத்துக்கு முன்பே என் சம்பளத்தில் நான் வாங்கியது. பாசிர் கூடாங்கில் இருக்கும் பிளாஸ்டிக் ஃபேக்டரிக்குத் தினமும் நான்தான் அதை ஓட்டிப் போகிறேன். இதெல்லாம் பிளாக்கில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் அவரிடம்தான் போவார்கள்.

இவராவது திருத்தினாரா என்றால் அதுவும் இல்லை. தலையைச் சொறிந்துகொண்டு வந்து, விற்றுவிடலாம் என்றார். பொந்தியானில் பழைய மோட்டார்களைத் தேடித் தேடி வாங்கும் ஒருவரைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கச் சொல்லியும்விட்டார். எனக்கு இந்த விஷயம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால்தான் தெரிந்தது. ரசக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"வித்துட்டு நான் எதுல போறது?"

"ஃபேக்டரி பஸ் இருக்குல்ல. இல்லாட்டி நான் கொண்டுபோய் விடுறேன்."

இவர் கொண்டுபோய் விடும் லட்சணம் எனக்குத் தெரியும். நான் ஷிப்டுக்குக் கிளம்பி வாசலில் நிற்கும்போதுதான் குளிக்கத் துண்டைத் தேடுவார். பஸ்ஸோ ஊர் முழுக்கச் சுற்றி ஆள் ஏற்றிக்கொண்டு, பாதித் தூக்கத்தில் கொண்டுபோய் இறக்கும். அந்த மோட்டார் போய்விட்டால், மீன் வாங்கப் போவதற்குக்கூட நான் இவர் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒழுகுறது நின்னுட்டா?" என்று கேட்டேன்.

"நின்னா நீயே வச்சுக்க" என்றார். நிற்கவே நிற்காது என்று அவ்வளவு நம்பிக்கை.

ஒழுகியது எஞ்சினின் பக்கவாட்டு மூடியில். அந்த மூடியை ஆறு ஸ்டட்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஸ்டட் என்றால் தலையில்லாத போல்ட்; ஒரு முனை எஞ்சினுக்குள் இருக்கும், வெளியே நீட்டிய முனையில் நட்டு மாட்டுவார்கள். அதில் வெட்டியிருக்கும் திருகு வரி, அதாவது மரை, தேய்ந்துவிட்டால் நட்டு சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும், மூடி இறுகாது. ஃபேக்டரியில் மிஷின்களின் மூடியைக் கழற்றி மாட்டுவதுதான் என் பிழைப்பு என்பதால், இதற்கு நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை காலையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் வண்டியின் பெயரைச் சொன்னேன். கடைக்காரச் சீனர், "அலமாக், அது இன்னும் சாகலையா லா?" என்று எங்களைப் போலவே தமிழில் கேட்டுவிட்டு, பின்னால் போய்த் துழாவி ஆறு ஸ்டட்களையும் ஒரு கேஸ்கெட்டையும் எடுத்து வந்தார்.

வீட்டுக்கு வந்து எண்ணெயை வடித்துவிட்டு, நட்டுகளைச் சுற்றி இருந்த அழுக்கைச் சுரண்டினேன். மஞ்சளாக உதிர்ந்தது. அதற்குக் கீழே சிவப்பு. சிவப்புக்குக் கீழே மறுபடியும் மஞ்சள். எல்லாவற்றுக்கும் அடியில் துரு.

என் கணவர் வெள்ளிக்கிழமை தவறாமல் குளித்துவிட்டு வந்து வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார். மற்றவர்கள் ஆயுத பூஜைக்கு ஹெட்லைட்டில் ஒரு பொட்டு வைத்து, சக்கரத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டு மகானுக்கு அது போதாது. எஞ்சின்தான் வண்டிக்கு உயிர் என்று, ஒவ்வொரு நட்டுக்கும் தனித்தனியாகப் பொட்டு. அதுவும் தண்ணீர் விட்டுக் குழைத்த சந்தனம், கல்யாண வீட்டில் பூசுகிற மாதிரி தாராளமாக. மேலே இருந்து மழை வேறு. அந்த ஈரத்தையெல்லாம் சந்தனம் பிடித்து வைத்துக்கொண்டு, வாரா வாரம் மரையைத் தின்றிருக்கிறது.

"என்னங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டேன். வந்தார். "உங்க பக்திதான் இவ்வளவு நாளா ஒழுகியிருக்கு, பாருங்க."

"சாமி விஷயத்துல கிண்டல் பண்ணாத."

"சாமிய யாரு கிண்டல் பண்றா? அதுக்கே மூச்சு முட்டியிருக்கும்."

மூடியைக் கழற்றியதும் ஸ்டட்கள் மொட்டையாக நீட்டிக்கொண்டு நின்றன. துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயை அடித்து, ஊறவிட்டு, கவ்விப் பிடிக்கும் பிளையரால் ஒவ்வொன்றாகத் திருப்பினேன். முனகிக்கொண்டே வந்துவிட்டன. அடியில் இருந்த கடைசி ஸ்டட் மட்டும் அசைய மறுத்தது. பலத்தைக் காட்டினால் உள்ளேயே முறிந்துவிடும். முறிந்தால் பட்டறைக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒன்றும் நடக்காது, பொந்தியான்காரர் வண்டியை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.

"சுடுதண்ணி கொண்டாங்க" என்றேன். எஞ்சினின் அலுமினியம் சூட்டில் அதிகம் விரியும், ஸ்டட்டின் இரும்பு அவ்வளவு விரியாது, கொஞ்சம் பிடி தளரும். தன் தேத்தண்ணிக்கு வைத்திருந்த கெண்டியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார். நான் பிளையரைப் பிடித்துக்கொள்ள, அவர் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அந்த ரோட்டுல கண்டெய்னர் லாரி எப்படி வருதுன்னு நான் பாத்திருக்கேன். காலையில நீ கிளம்பிட்டா, போய்ச் சேந்துட்டேன்னு நீ சொல்ற வரைக்கும் எனக்குத் தொண்டையில ஒண்ணும் இறங்க மாட்டேங்குது. வேற என்ன செய்யிறதுன்னு தெரியாமத்தான் பொட்டு வச்சேன்."

நான் நினைத்திருந்தது வேறு. பெண்டாட்டி மோட்டார் ஓட்டுவது இவருக்கு மானக்கேடாக இருக்கிறது என்று முடிவு கட்டி, மனசுக்குள் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தேன். பயம் என்று தோன்றவே இல்லை. கேட்டதும் பாவமாக இருந்தது. ஆனால் கோபமும் முழுதாகப் போகவில்லை.

"பயம் உங்களுது. அதுக்கு என் வண்டி ஏன் போவணும்?"

அவர் மிச்சத் தண்ணீரையும் ஊற்றினார். பிளையர் லேசாக நகர்ந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன், ஸ்டட் முழுசாக வெளியே வந்தது.

ஈரத்தைத் துடைத்து, புது ஸ்டட்களை முதலில் விரலால் திருகி, பிறகு அளவாக இறுக்கி, எண்ணெய் கசியாமல் இடையில் வைக்கும் புது கேஸ்கெட்டை வைத்து மூடியைப் போட்டேன். நட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். எண்ணெய் ஊற்றி, வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, அடியில் ஒரு அட்டையைப் போட்டு நிறுத்தினேன். மறுநாள் அட்டையில் ஒரு சொட்டு இல்லை. அவரும் குனிந்து பார்த்தார்.

சொன்னபடி பொந்தியான்காரர் வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, கிளப்பிப் பார்த்து, சத்தத்தைக் கேட்டுவிட்டு என் கணவரிடம் சொன்னார்: "ஒழுகுதுன்னுதான சொன்னீங்க? இது சும்மா ஜம்முனு இருக்கேண்ணே. இன்னிக்கே எடுத்துக்கிறேன்."

நானே சிங்காரித்து நானே அனுப்பி வைக்கிற மாதிரி ஆகிவிட்டது. என் கணவர் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளையிலிருந்து அவருக்கு நிம்மதி. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் திறந்துவிட்டார்.

"என்னைக் கேக்காதீங்க. வண்டி அவங்களோடது. அவங்களக் கேளுங்க."

பொந்தியான்காரர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். "என்னா தங்கச்சி, குடுக்கிறீங்களா?"

"இல்லண்ணே. நாளைக்குக் காலையில இதுலதான் வேலைக்குப் போறேன்" என்றேன்.

என் கணவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் அந்தப் பயம் அப்படியே இருந்தது. இருந்தாலும் பொந்தியான்காரரிடமிருந்து சாவியை வாங்கி என் கையில் கொடுத்தார்.