மாநிறம் என்று மொழிபெயர்த்தேன்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, ராயபுரத்தில், தொண்ணூறு பேர் முன்னிலையில் நான் செத்துப்போனேன்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. மானம்தான் போனது. அதுவும் என்னிடம் பெரிய அளவில் ஸ்டாக் இருந்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் ஹெட் கிளார்க். எங்கள் தெரு வாசகசாலையில் ஞாயிறுதோறும் ஒரு சொற்பொழிவு நடக்கும். அதற்குச் செயலாளரும் நானே. எப்படி ஆனேன் என்கிறீர்களா? 'யார் செயலாளராக இருக்கிறீர்கள்?' என்று கேட்டபோது எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு அந்த நேரம் பார்த்துக் கொட்டாவி வந்தது. தலை நிமிர்ந்துவிட்டது.

இரண்டு மாதமாக வீட்டில் ஒரு யுத்தம். என் மகள் ஸ்டெல்லா பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி கடைசி வருஷம் படிக்கிறாள். வாரம் தவறாமல் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போய் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வருவாள். தேதி, நேரம், ஏற்றமா வற்றமா, அன்றைக்கு வலையில் என்ன விழுந்தது — எல்லாவற்றையும் லேபிளில் எழுதி ஒட்டுவாள். ஜன்னலோரம் பதினோரு பாட்டில் சேர்ந்துவிட்டன. முதல் பாட்டில் பன்னீர் மாதிரி இருந்தது. பதினோராவது... எங்கள் வீட்டுக் காபி மாதிரி என்று எழுதலாம். மனைவி ரோசியும் இந்தப் பத்தியைப் படிக்கிறாள் என்பதால் எழுதவில்லை.

"அப்பா, இதைப் பத்தி நான் வாசகசாலையில பேசறேன். ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை குடுங்க."

"பார்க்கலாம்மா."

அப்பாக்களின் அகராதியில் 'பார்க்கலாம்' என்றால் 'முடியாது' என்று அர்த்தம். ஸ்டெல்லாவிடமும் அந்த அகராதி ஒரு காப்பி இருக்கிறது.

ஏன் முடியாது? மாதவரத்தில் ஒரு மாப்பிள்ளை. நல்ல வேலை, நல்ல குடும்பம், ஞாயிறு பூசைக்கு முதல் பெஞ்சில் உட்காருகிறவர்கள். பெண்ணைப் பற்றி விவரம் எழுதச் சொல்லியிருந்தார்கள். இந்த நேரத்தில் அவள் மேடையேறி, டியூப்லைட் வெளிச்சத்தில் நின்று, ஒரு பாட்டில் கலங்கல் தண்ணீரைத் தூக்கிக் காட்டினால்? யாராவது போய் மாதவரத்தில் வத்தி வைத்தால்? 'பெண் மேடையில் பேசுகிறது' என்பார்கள். அதைச் சமாளித்துவிடலாம். 'பெண் கறுப்பு' என்பார்களே... அதை?

ஆகவே பாட்டில்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். கடிதத்தில் 'பெண் மாநிறம்' என்று எழுதினேன். அந்த நேரம் ஸ்டெல்லா என் பின்னால் போனாள்; பார்த்தாளோ என்னவோ. ஸ்டாம்ப் ஒட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஏனோ மூன்று நாளாகத் தபால் பெட்டி என் கண்ணில் படவே இல்லை.

அப்போதுதான் மிஸ்டர் மென்சா வந்தார்.

கானா நாட்டுக்காரர். எங்கள் ஆபீஸ் கவனித்துக்கொள்ளும் ஒரு கப்பலில் செகண்ட் இன்ஜினீயர். கப்பலேறும் முன் ஊரில் விஞ்ஞான வாத்தியாராக இருந்தவர். கப்பல் ரிப்பேருக்காக ஹார்பரில் நிற்கிறது. "எங்கள் வாசகசாலையில் பேசுகிறீர்களா?" என்று கேட்டேன். உடனே ஒப்புக்கொண்டு தலைப்பும் கொடுத்தார் — கறுப்பர் சிந்தனையும் மண்ணின் விஞ்ஞானமும்.

வாசல் போர்டில் நான் எழுதியது: 'ஆப்பிரிக்கச் சிந்தனையும் மண்ணின் விஞ்ஞானமும்.' விருந்தாளியைப் போய்... ஒரு நாசூக்கு வேண்டாமா?

மொழிபெயர்ப்பு யார்? நான்தான். இருபது வருஷமாக இங்கிலீஷில் கடிதம் எழுதுகிறவன் என்று இதே பத்தியில் எத்தனை முறை பீற்றிக்கொண்டிருக்கிறேன்! ஆனால் பாருங்கள்... 'தங்கள் பத்தாம் தேதிக் கடிதம் கிடைத்தது' என்று எந்த மனிதராவது பேச்சை ஆரம்பிப்பாரா? அதைத் தாண்டிய இங்கிலீஷ் எனக்கு வராது என்பது மேடையேறிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டிருந்தேன். அதில் ஒரு பட்டனைக் கல்யாணத்தன்றே போட முடியவில்லை. வியர்த்துக் கொட்டியது. என் சோடாவைக் குடித்தேன். பிறகு பக்கத்தில் இருந்ததையும் குடித்தேன். அது மென்சாவின் சோடா.

அவர் எழுந்தார். நல்ல உயரம். நிதானமான குரல். முதல் வாக்கியமே குண்டு.

"ஐ ஆம் எ பிளாக் மேன்."

ஹால் என்னைப் பார்த்தது. எனக்கு அர்த்தம் தெரியும். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வந்த விருந்தாளியை மேடையில் நிறுத்தி வைத்து, 'இவர் கறுப்பு' என்று எப்படிச் சொல்வது? கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்:

"நான் ஒரு... மாநிறமான மனிதன்."

ஹால் மென்சாவைத் திரும்பிப் பார்த்தது.

பிறகு பின்வரிசையிலிருந்து துரைக்கண்ணு எழுந்தார். கப்பலில் சரக்கு தூக்கும் விஞ்ச்சை ஓட்டுகிறவர். அவருடைய குரலுக்கு மைக் தேவையில்லை; விஞ்ச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய தொண்டை.

"இன்னா சார் இது! அவுரு பிளாக்குனு ஷோக்கா, நெஞ்ச நிமித்திக்கினு சொல்றாரு. நீ இன்னாத்துக்கு மாநிறம்னு பவுடர் பூசி வுடுறே?"

ஹால் வெடித்தது. ஹாலில் பாதிப் பேர் ஹார்பர் ஆட்கள், கப்பல்காரர்களோடு நாள் முழுக்க இங்கிலீஷில் மாரடிக்கிறவர்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"சார் கண்ணாலத் தரகருக்கு டிரெயினிங் எடுத்துக்கினு கீறார்பா!" என்றது இன்னொரு குரல்.

மென்சா என் பக்கம் குனிந்து, ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்டார். நான் காலி சோடா பாட்டிலை வாயில் கவிழ்த்தேன். காற்றுதான் வந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம்.

ஸ்டெல்லா.

எழுந்து நின்று, தெளிவான இங்கிலீஷில் சொன்னாள்: "நீங்கள் கறுப்பர் என்று சொன்னீர்கள். என் அப்பா மரியாதைக்காக அதைக் கொஞ்சம் வெளுத்துவிட்டார். எங்கள் ஊரில் பிரியமானவர்களுக்கு இப்படித்தான் செய்வோம்."

மென்சா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "உன்னை என்னவென்று சொல்வார்கள்?" என்று கேட்டார்.

அவள் என் சட்டைப்பையைப் பார்த்தாள்.

"மாநிறம். எழுத்திலேயே இருக்கிறது."

துரைக்கண்ணு சிரிக்கவில்லை. யாருமே சிரிக்கவில்லை. கோட்டுக்கு மேல் கையை வைத்துப் பையை மூடிக்கொண்டேன். ஏதோ அந்தக் கடிதம் தானாக எழுந்து வாசித்துவிடும் போல.

எனக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோ ஞாபகம் வந்தது. சின்ன வயதில் படம் எடுக்கப் போனபோது ஸ்டூடியோக்காரர், "கொஞ்சம் சிரி தம்பி, எங்க நிக்கறேன்னு தெரியட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் முப்பது வருஷமாக அந்த ஜோக்கை நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன் — மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் முந்திக்கொள்ள வேண்டுமே என்று. மென்சாவுக்கும் எனக்கும் நிறத்தில் அரை ஷேடுதான் வித்தியாசம். அதுவும் என் தலைக்கு மேல் டியூப்லைட் இருந்ததால்.

"மிச்சத்தை நீயே மொழிபெயர்க்கிறாயா?" என்று மென்சா ஸ்டெல்லாவைக் கேட்டார்.

அவள் மேடையேறினாள். அதே டியூப்லைட். அதே மேடை. நான் என்னவெல்லாம் நடக்கக்கூடாது என்று இரண்டு மாதமாகப் பயந்தேனோ, அது இரண்டு நிமிஷத்தில் நடந்துவிட்டது. கூரை இடிந்து விழவில்லை.

மென்சா பேசினார். 'கறுப்பு' என்பதை இத்தனை காலம் மற்றவர்கள்தான் எங்களைப் பற்றி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள்; இப்போது நாங்களே உரக்கச் சொல்கிறோம் என்றார். அவர் ஊரில் மக்காச்சோளத்துக்கு நடுவே காராமணி போடுவார்களாம். ஒன்று மண்ணிலிருந்து எடுப்பதை மற்றது திருப்பிக் கொடுக்குமாம். மண்ணை வெறுமையாக விடாமல் இலை தழையால் மூடி வைப்பார்களாம். வெளியிலிருந்து வந்த துரைமார்கள் அதைப் பார்த்து, உழத் தெரியாத சோம்பேறிகள் என்று எழுதினார்களாம். பிற்பாடு அதையே விஞ்ஞானம் என்று புத்தகம் போட்டு, அவர் வகுப்புக்கே அனுப்பினார்களாம் — படித்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்று!

"எங்கள் கடற்கரையில் செவ்வாய்க்கிழமை யாரும் வலை போடமாட்டார்கள். அன்றைக்குக் கடலுக்கு லீவு," என்றார்.

ஸ்டெல்லா சொல்லி முடிப்பதற்குள் முன்வரிசையில் ஒரு சலசலப்பு. எண்ணூரிலிருந்து வந்து மீன் விற்கும் முனியம்மா கூடையை ஓரம் வைத்துவிட்டு எழுந்தார்.

"இங்கியும் மாதா கோயிலுக்குப் போறவங்க ஞாயித்துக்கிழமை வலை எடுக்க மாட்டாங்க. கடலுக்கு லீவு குடுத்தாச்சு, சரி. எங்க முகத்துவாரத்துக்கு யாரு லீவு குடுக்கறது? தண்ணி கலீஜா பூடுச்சு. எறாவையே காணோம். வலைய எடுத்தா கையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுது. இதுக்கு இன்னா பண்றதுனு அந்த அண்ணாத்தையாண்ட கேளும்மா."

ஸ்டெல்லா கேட்டாள். மென்சா முனியம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"நான் சனிக்கிழமை கிளம்பிவிடுவேன். தண்ணீர் இங்கேயேதான் இருக்கும். அதை வாராவாரம் பார்த்து எழுதி வைக்கிறவர்கள் இந்த ஊரில் யாராவது இருக்கிறார்களா?"

ஸ்டெல்லா இந்தக் கேள்வியை மொழிபெயர்த்தாள். என்னைப் பார்த்தாள்.

முனியம்மாவும் என்னைப் பார்த்தார். "இந்தப் பொண்ணுதானே வாராவாரம் பாட்டிலும் கையுமா வரும்? நான்தான் எறா பட்டுதா இல்லியானு அதுக்குச் சொல்றவ. இன்னா நைனா, வாயத் தொறந்து சொல்லேன்!"

தொண்ணூறு ஜோடிக் கண்கள். சோடா தீர்ந்துவிட்டது. ஓடலாமா என்று பார்த்தால் வாசலில் துரைக்கண்ணுவின் ஆட்கள். எழுந்தேன். மைக்கைப் பிடித்தேன்.

"வர்ற ஞாயிறு... இதே மேடையில்... முகத்துவாரத்துத் தண்ணீரைப் பற்றி... செல்வி ஸ்டெல்லா பேசுவார்."

"அப்படிப் போடு!" என்றார் துரைக்கண்ணு. "இப்பத்தான் சார் கரீட்டா மொழிபெயர்த்தாரு."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பாட்டில்களை நானே வெளியே எடுத்தேன். வீர வேகத்தில் ஏழாவது பாட்டிலைக் கவிழ்த்துவிட்டேன். அந்த வாரத்து எண்ணூர் இப்போது எங்கள் பாயில் இருக்கிறது. மூன்று முறை சோப்புப் போட்டும் நாற்றம் போகவில்லை. ஒரு பாய் துவைத்தாலே இப்படி. அதிலேயே இடுப்பளவு நின்று வலை வீசுகிறவர்கள்?

அடுத்தது கடிதம். கவரைக் கிழித்தேன். 'மாநிறம்' என்பதை அடித்தேன். மேலே 'நல்ல கறுப்பு' என்று எழுதப்போய், அந்த 'நல்ல'வும் ஒரு பூச்சுப் பவுடர்தான் என்று தோன்றி, வெறும் 'கறுப்பு' என்று எழுதினேன்.

ஸ்டெல்லா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "பாட்டிலையும் எழுதுங்கப்பா."

எழுதினேன்: 'பெண் வாராவாரம் எண்ணூர் போய்த் தண்ணீர் பிடித்து வருவாள். கல்யாணத்துக்குப் பிறகும் போவாள்.'

"இதைப் படிச்சிட்டு மாதவரத்துலேருந்து யாருங்க வருவா?" என்றாள் ரோசி.

"படிச்சிட்டும் வர்றவன் வரட்டும்மா," என்றாள் ஸ்டெல்லா.

திங்கட்கிழமை காலை தபால் பெட்டி உடனே கண்ணில் பட்டது. கடிதத்தைப் போட்டேன். பெட்டியை விட்டு உடனே நகர்ந்தேன் என்று நான் சொல்லமாட்டேன். எனக்குப் பின்னால் கடிதத்தோடு நின்றவர்தான், "சார், கையை வெளிய எடுத்தீங்கன்னா நானும் போடுவேன்" என்றார்.

இதை எழுதும்வரை மாதவரத்திலிருந்து பதில் இல்லை. வராமலே போகலாம். யோசித்துப் பார்த்தேன்: அப்படி வராமல் போகிற பதிலும் ஒரு பதில்தானே? சீக்கிரமாகத் தெரிந்ததில் லாபம்தான்.

வாசகசாலை போர்டில் ஸ்டெல்லா பெயரை நானே எழுதிவிட்டேன் — தூரத்திலிருந்தும் தெரிய வேண்டும் என்று கொட்டை எழுத்தில். முனியம்மா எண்ணூரிலிருந்து நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். மேஜை மேல் பத்துப் பாட்டில் இருக்கும். ஏழாவது எங்கே என்று தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள்.

மொழிபெயர்ப்பாளர் கிடையாது. தைரியமாக வரலாம்.